இரும்பு உள்ளே போகாது

செல்வமாரிக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. நாற்காலி கிடக்கும், தலைக்கு மேல் மின்விசிறி ஓடும், அவள் நின்றுகொண்டிருப்பாள். இல்லாவிட்டால் நடந்துகொண்டிருப்பாள். கல்யாணம் ஆன புதிதில் அவள் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, பசுவந்தனைக்காரர்கள் பிள்ளைக்குக் காலில் சக்கரத்தைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொன்னாள். சொன்னவள் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. சக்கரம் இன்னும் நின்றபாடில்லை.

அவள் வேலை பார்க்கும் இடம் கோவில்பட்டிக்கு வெளியே இருக்கிற ஒரு பழைய கிட்டங்கி. முன்பு அது தீப்பெட்டி ஆபீசாக, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையாக இருந்தது. கல்யாணம் முடிந்து வந்ததிலிருந்து அங்கேதான் பெட்டி அடைத்தாள். ஆபீசை மூடியபோது ஊரில் சிலர் சேர்ந்து துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றைத் தொடங்கி, கிட்டங்கியை வாடகைக்கு எடுத்தார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, கோடியில் சாய்வாக ஒரு இரும்புச் சுவரை நிறுத்தி, அதன் முன்னால் தடித்த ரப்பர் திரையைத் தொங்கவிட்டு, உள்ளேயே சுடுவதற்கு இடம் செய்தார்கள். ஆட்டோக்காரரிடம் "ரேஞ்சு" என்றால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார்.

வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை உண்டு. இரும்புக் குண்டு, வீட்டில் அடைத்த தோட்டா, உடைத்து மூடிய தோட்டா, எதுவும் உள்ளே போகாது என்று அதில் எழுதியிருக்கும். காரணம் எளிது. ஈயக் குண்டு சுவரில் பட்டால் நசுங்கிக் கீழே விழும். இரும்பு பட்டால் திரும்பி வரும், சுட்டவன் மேலேயே வரும். பொறியும் பறக்கும். என்னதான் கூட்டினாலும் எரியாத வெடிமருந்து தரையில் கொஞ்சம் கிடக்கத்தான் செய்யும், மூடிய கட்டடத்தில் அதில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று தீப்பெட்டி ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

செல்வமாரியின் வேலை அந்தப் பலகைக்குக் காவல். வருகிறவர்களின் தோட்டாக்களைப் பையிலிருந்து எடுத்து, தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காந்தத்தைக் காட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். அவள் புருஷன் முனீஸ்வரன் ஆட்டோ ஓட்டுகிறவன். பழுதான ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தது அவன்தான். அதைச் சிவப்புக் கயிற்றில் கட்டிக் கையில் வைத்திருப்பாள். சங்கத்தில் அவளுக்குக் 'காந்தக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்து உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

இரும்பு என்றால் அவளுக்கு ஏன் அப்படி ஒரு பதற்றம் என்பதற்கும் கதை இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் முத்துத்தாய் என்று ஒருத்தி. மரக்கரண்டியைக் காணவில்லை என்று, காய்ந்த மருந்தை இரும்புக் கரண்டியால் சுரண்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு கையும் வெந்துவிட்டன. கை ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களில் செல்வமாரியும் ஒருத்தி. அன்றிலிருந்து கொண்டை ஊசியைக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

வியாழக்கிழமைகளில் ரேஞ்சுக்கு வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் வருவார்கள். பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பிக்க வேண்டுமானால், பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று சான்று வாங்கிவர வேண்டும். பயிற்சியாளர் முன்னால் நின்று நாலைந்து வெடி போட்டுக் காட்ட வேண்டும். துப்பாக்கியைச் சங்கம் கொடுக்கும், தோட்டாவை அவரவர் கொண்டுவர வேண்டும். தோட்டாவோடு வருகிறவர்களில் பாதிப்பேர் அவளோடு வாய்த்தகராறு செய்யாமல் உள்ளே போனதில்லை. எப்போதும்வென்றான் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், தோட்டாவிலிருந்த ஈய ரவையைக் கொட்டிவிட்டுச் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு அடைத்துக் கொண்டுவந்து, காந்தம் ஒட்டிக்கொண்டதும், பன்றிக்கு ஈயம் எங்கே உறைக்கிறது என்று அவளிடமே நியாயம் கேட்டார். அப்படிப் பிடிபட்டவர்களை மூன்று மாதத்துக்கு ரேஞ்சுப் பக்கம் விடமாட்டார்கள்.

அந்த மார்கழியில் செல்வமாரியின் அண்ணன் தங்கச்சாமி வருவதாக இருந்தது. பசுவந்தனையில் மானாவாரி நிலம், முழுக்க மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற சமயம். வேலிக்கருவைக் காட்டுக்குள் பகலெல்லாம் படுத்துக்கிடக்கும் பன்றிகள் பொழுது சாய்ந்ததும் இறங்கிவிடும். தங்கச்சாமி பன்றியைச் சுடுவதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குப் பயந்து கூட்டம் பக்கத்துப் புஞ்சைக் காட்டுக்கு ஓடிவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் என்ன செய்வார் என்பது வேறு விஷயம். அந்த மாதக் கடைசியோடு அவர் லைசென்ஸ் முடிகிறது. சான்று கிடைக்காவிட்டால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, சோளத்தைப் பன்றிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் தங்கச்சாமி. பேச்சுக் குறைவு. அண்ணன் ரேஞ்சுக்கு வருகிறார் என்றதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு, முந்தின நாள் சங்கச் செயலாளர் ஜெயகிருஷ்ணன் போகிற போக்கில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. ஊரான் வந்தால் காந்தக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறாள், நாளைக்கு அண்ணன் வருகிறபோது காந்தத்துக்கு லீவு விட்டுவிடுவாளோ என்னவோ என்று சிரித்தார். நின்றவர்களும் சிரித்தார்கள். செல்வமாரியும் சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போயும் அதுதான் நினைப்பு. அண்ணன் பையில் ஏதாவது இருந்து, அதை அவள் விட்டுவிட்டால்? இல்லாவிட்டாலும், விட்டுவிட்டாள் என்று இவர்கள் சொல்லிவிட்டால்?

வியாழக்கிழமை மதிய வெயிலில் தங்கச்சாமி வந்தார். ஒரு கையில் தூக்குவாளி, மறுகையில் மஞ்சள் பை. தூக்குவாளியை வாசல் பெஞ்சில் வைத்து, மதினி கொடுத்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார். முன்னால் ஏழெட்டுப் பேர். செல்வமாரி ஒவ்வொருவர் தோட்டாவையும் எடுத்துப் பரப்பி, காந்தத்தைக் காட்டி, திருப்பி அடுக்கிக் கொடுத்தாள். செயலாளர் கதவோரத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முறை வந்தது. மஞ்சள் பைக்குள்ளிருந்து, சுருக்குப் போட்ட ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து அவர் மேஜையில் வைத்தார்.

அவள் அந்தச் சுருக்கை அவிழ்க்கவில்லை. ஏன் அவிழ்க்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தரம் தன்னையே கேட்டுக்கொண்டாள். எல்லோரும் பார்க்கிறார்கள், சட்டென்று செய்ய வேண்டும், அண்ணன் என்பதற்காக ஆற அமரச் செய்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த அவசரத்தில் காந்தத்தை நேரே துணிப்பை மேல் கொண்டுபோனாள். காந்தம் வெடுக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. அவள் கை தூக்கியபோது பையும் சேர்ந்து வந்தது.

வாசலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"இரும்பு இருக்கு. இது உள்ள போகாது" என்றாள். அண்ணே என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

தங்கச்சாமி பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல நின்றார். பிறகு காந்தத்திலிருந்து பையைப் பிய்த்து எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியே இறங்கி நடந்தார். செயலாளர் அவள் தோளைத் தட்டிக்கொடுக்காத குறைதான். சொந்த அண்ணனையே திருப்பி அனுப்பிவிட்டாளே, இவளல்லவா மனுஷி என்று உள்ளே போய் எல்லோரிடமும் சொன்னார். அன்று பூராவும் அவளைப் பாராட்டாத ஆளில்லை. ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் வாசலுக்கும் தெருவுக்குமாக ஒரு நடை நடந்தாள்.

தூக்குவாளி பெஞ்சிலேயே இருந்தது. சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். திறந்தால் நாட்டுக்கோழிக் குழம்பு. மதினி பெத்தம்மாளின் கைப்பக்குவம், வாளியைத் திறந்ததுமே முனீஸ்வரன் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் ரசித்துச் சாப்பிட்டான். அவளுக்கு இறங்கவில்லை. அண்ணன்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு விவரம் தெரிந்த மனுஷன், தங்கச்சி வேலை பார்க்கிற இடத்துக்கு இரும்பை அடைத்துக் கொண்டுவரலாமா என்று புருஷனிடம் பொருமினாள். அவன் எலும்பைக் கடித்தபடி, உங்கள் அண்ணன் அப்படிச் செய்கிற ஆள் இல்லையே என்று மட்டும் சொன்னான்.

வாளியைக் கழுவும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பசுவந்தனையிலிருந்து கறி வந்தால், காத்துக்கருப்பு அண்டாமலிருக்க, கூடவே ஒரு கரித்துண்டும் இரும்பும் வரும். வெறும் கறியைத் தூக்கிக்கொண்டு, அதுவும் உச்சி வெயிலில் சுடலைமாடன் கோயிலைத் தாண்டி எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். அவள் மசக்கையாக இருந்தபோது வந்த குழம்புக்குள் ஒரு பெரிய ஆணியே கிடந்து, அதை அவள் தெரியாமல் கடித்துவிட, வீடே சிரித்தது. இன்றைக்கு வாளியில் கரி இருந்தது, மூடியின் வளையத்தில் துணியில் முடிந்து கட்டியிருந்தது. இரும்பைக் காணோம். கழுவின வாளியை மறுபடி கழுவினாள். குப்பையைக் கிளறிப் பார்த்தாள். பிறகு கையைக்கூடத் துடைக்காமல் மதினிக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் என்ன கேட்கிறாள் என்பது புரிந்ததும் பெத்தம்மாள் பொரிந்து தள்ளினாள்.

"ஆணி போடாம இருப்பனாட்டி? போன தடவை வாளியில போட்டு, கொழம்பெல்லாம் துரு நாத்தம் அடிச்சிட்டுன்னு நீதான சொன்ன. அதான் அவிய தோட்டா வச்சிருந்த அந்தச் சின்னப் பையில போட்டுவிட்டேன். தோட்டா பூராவும் கடையில வாங்குனது மாறாம இருக்கு. ஒனக்குக் கோழி அடிச்சி அனுப்புனதுக்கு எங்களுக்கு இந்தப் பேரா?"

மதினி விட்டபாடில்லை. அண்ணன் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டதாம். தங்கச்சாமி இரும்பு அடைத்துச் சுடுகிற ஆள், ரேஞ்சில் கூடப்பிறந்தவளே பிடித்துக் கொடுத்துவிட்டாள் என்று டீக்கடையில் பேச்சாம். இனி ஒரு வெடி போட்டாலும் எவனாவது ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிடுவான் என்று துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். பன்றியைத் தட்டி விரட்ட வெறும் தகரத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறாராம்.

மறுநாள் ரேஞ்சு திறக்கும் முன்பே செல்வமாரி செயலாளர் வீட்டு வாசலில் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. பையைத் திறந்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர், சரி, உன் அண்ணனுக்கு மூன்று மாதத் தடை கிடையாது, வருகிற வியாழக்கிழமை வரச்சொல், இதை வெளியே பெரிதுபடுத்த வேண்டாம், உனக்கும் சங்கத்துக்கும் நல்லதில்லை என்றார். அவள் கேட்கவில்லை. வேலை போனாலும் போகட்டும், பத்துப்பேர் முன்னால் சொன்ன பொய்யைப் பத்துப்பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்றாள். அன்றைக்குச் சுட வந்தவர்கள் எல்லோரும் கேட்க, பையைத் திறக்காமலே அண்ணனைத் திருப்பி அனுப்பினேன், தப்பு என்னுடையது, அவர் தோட்டாவில் இரும்பு இல்லை என்று வாசலில் நின்று சொன்னாள். முந்தின நாள் பாராட்டியவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் கருப்பட்டி மிட்டாயை நிரப்பிக்கொண்டு பசுவந்தனைக்குப் பஸ் ஏறினாள். இடம் இருந்தும் கம்பியைப் பிடித்தபடியே நின்றுகொண்டு போனாள். இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் டீக்கடைக்குப் போனாள். அங்கே இருந்த ஆண்கள் அத்தனைபேர் முன்னாலும், ரேஞ்சில் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், நாங்கள் அப்படி ஒன்றும் பேசவில்லையே அம்மா என்றார். பேசியதெல்லாம் யாரோ!

அண்ணன் காட்டில் இருப்பதாக மதினி சொன்னாள். கரிசல் இன்னும் ஈரம் காயாமல் செருப்பில் அப்பிக்கொண்டது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிழக்கோரம் முழுக்கச் சோளம் படுத்துக்கிடந்தது. தட்டையை மிதித்து, கதிரை இழுத்து, பாதி கடித்துப் போட்டிருந்தன. தகரச் சத்தத்துக்கு முதல் நாள் ஓடிய பன்றிகள், இரண்டாம் நாள் நின்று கேட்டுவிட்டு மேய்ந்திருக்கின்றன. தங்கச்சாமி குனிந்து, மாட்டுக்கு ஆகும் கதிர்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், வா என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளும் குனிந்து கூடவே பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், ஆணி, செயலாளர், டீக்கடை எல்லாம். அழுகையில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. சாக்கு நிறைந்ததும் அவர் அதன் வாயைக் கட்டினார்.

"அண்ணே, நான் வேணும்னு செய்யல."

"தெரியும்ட்டி."

"வியாழக்கிழமை வாங்கண்ணே. தடை ஒண்ணும் கெடையாது. மாசம் முடியதுக்குள்ள சான்று வாங்கிருவம். மிச்சச் சோளமாவது தங்கும்."

தங்கச்சாமி கட்டின முடிச்சை மறுபடியும் இறுக்கினார். பன்றி மிதிக்காத மேற்குப் பக்கத்தைப் பார்த்தபடி பேசினார்.

"ஆணிய நானே எடுத்துக் காட்டிருப்பேன். எனக்கு அது நெனப்புல இருந்துச்சு. ஆனா ஊரான் பையெல்லாம் நீ தொறந்து பாத்த, எம் பையத் தொறக்கவே இல்ல. அதுக்குப் பெறவு எனக்குக் காட்டப் பிடிக்கல."

செல்வமாரி தலை நிமிரவில்லை.

"வாரேன். வராம எப்படி, பயிரப் பாக்கணும்லா. ஆனா அன்னைக்கு நீ அங்கன இருக்காத. லீவு போட்டுரு."

சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தார். வீட்டில் மதினி சோறு போட்டாள், செல்வமாரி சாப்பிட்டாள். கிளம்பும்போது அண்ணன் பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். இத்தனை வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு எடுக்காதவள் எதற்கு எடுக்கிறாள் என்று செயலாளர் கேட்கவில்லை. அவள் இடத்தில் அன்றைக்குப் பயிற்சியாளர் மணிகண்டபிரபு இருந்து பார்ப்பதாக ஏற்பாடு. காலையிலேயே வீட்டைக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். துவைத்த துணியை எடுத்து மடித்து, மடிப்புச் சரியில்லை என்று உதறி மடித்தாள். நாகர்கோவில் பக்கம் போகிற ரயில் போயிற்று, அண்ணன் இந்நேரம் பஸ் இறங்கியிருப்பார் என்று நினைத்தாள். வாசலுக்கு வந்து ரேஞ்சு இருக்கும் திசையைப் பார்த்தாள். அங்கிருந்து சத்தம் கேட்காது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஆட்டோவில் வந்த முனீஸ்வரன், நான் வேண்டுமானால் ஒரு நடை போய்ப் பார்த்துவரவா என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் போன பிறகு அவனையாவது அனுப்பியிருக்கலாமே என்று தவித்தாள்.

போன் அடித்தது. மணிகண்டபிரபு.

"அக்கா, ஒங்க அண்ணாச்சி பாசு. சான்று கையில குடுத்தாச்சு. அஞ்சும் கட்டத்துக்குள்ள விழுந்திருக்கு. இப்பதான் கெளம்புதாவ."

என்னைக் கேட்டாரா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கமாட்டார்.

"தம்பி, பையத் தொறந்து பாத்தியளா?"

அவள் ஏதோ சோதிக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, கொஞ்சம் ரோஷமாகவே பதில் சொன்னான்.

"என்னக்கா இப்படிக் கேக்குதீங்க? யாரு வந்தாலும் தொறந்துதான பாப்போம்."